தணல் தேடிய தப்பு

தப்பு நெருப்பில்லாமல் பேசாது. வேப்பமரத்தில் செதுக்கிய மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, இணைப்புகளில் இரும்புத் தகடு பதித்து, புளியங்கொட்டைப் பசை தடவி, மாட்டுத்தோலை இழுத்து ஒட்டிக் காயவைத்தால் வாத்தியம் உருவாகிவிடும். ஆனால் அப்பொழுதும் அது ஊமைதான். வைக்கோலைக் கொளுத்தி, எழும் அனலில் தோலைக் காட்டிக் காட்டி எடுக்க வேண்டும். தொய்ந்து கிடந்த தோல் மெல்ல இறுகும். விரலால் சுண்டினால் 'தொம்' என்று கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது, 'டண்' என்று மேலேறி வரும். அதற்கு மேல் ஒரு கணம் தாமதித்தாலும் தோல் கருகி வாத்தியம் பாழாகும். நெருப்பை எவ்வளவு நெருங்கலாம், எப்பொழுது விலக வேண்டும் என்பதைக் கைதான் அறியும். வாயால் சொல்லிக்கொடுக்க இயலாது. சிறிது நேரம் அடித்தபின் தோல் மீண்டும் தளரும். மீண்டும் நெருப்பை நாடிச் செல்ல வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் நாங்கள் எழுவர், தப்புகளைச் சுமந்துகொண்டு ரீயூனியன் தீவுக்குச் சென்று நான்கு நாள் தங்கி வந்தோம். தீபாவளியையொட்டி அங்கே நடைபெற்ற பண்பாட்டு விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். உணவு, உறைவிடம், மரியாதை எல்லாம் குறைவின்றிக் கிடைத்தன. நெருப்பு மட்டும் கிடைக்கவில்லை.

எங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஒரு சிறு பங்கைச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் மின்சார வேலை செய்பவர், இருவர் கொத்தனார்கள், ஒருவர் சரக்கு வண்டி ஓட்டுபவர், கடைக்குட்டி கல்லூரி மாணவன். ஏழாமவர் பெரியப்பா. எங்களுள் நால்வருக்கு அவர் முறைப்படி பெரியப்பா; மற்ற இருவரும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டார்கள். அப்பொழுது அவருக்கு 71 வயது.

எங்கள் தெருவில் 1983 வரை தப்பு இருந்தது. இருந்தது என்பதைவிட எங்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதே பொருந்தும். மேலத்தெருவில் ஓர் உயிர் பிரிந்தால் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆள் வரும். கூலி என்று பேசுவதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இறந்தவர் கிறிஸ்தவராயினும் இதில் மாற்றம் இருந்ததில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் உண்மைக்குக் குறைவாகும். ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் நீர் பெற்றவர்களின் சவ ஊர்வலத்துக்கு முன்னால் எங்கள் தாத்தாக்கள் வெயிலில் அடித்துச் சென்றார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு நின்றுவிட்டார்கள். எங்கள் மரித்தோருக்கு வேறு தோட்டம்.

அந்த ஆண்டுத் தவக்காலத்தில் தெருவார் கூடி, இனி இதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இருந்த தப்புகள் 11. அத்தனையையும் களத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். தீ வைத்தவர் பெரியப்பா. அருகில் நின்று வைக்கோலை அள்ளிப் போட்டவர் அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா. அந்த வட்டாரத்திலேயே இவ்விருவரின் கையை விஞ்சிய கை இல்லை என்று முதியோர் இன்றும் சொல்வார்கள். தோலைக் காய்ச்சுவதற்கு எடுத்துவரும் அதே வைக்கோல்தான் அன்று தோலை எரித்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள் தெரு அமைதியாக இருந்தது. நாங்கள் படித்தோம். ஓரளவு வேலைகளுக்கும் போனோம். 2005-இல், வெளியூர் விழா ஒன்றில் பறையாட்டத்தைக் கண்ட எங்களுள் சிலருக்கு ஆசை பிறந்தது. பறை என்று நூல்கள் சொல்வதைத்தான் எங்கள் பக்கத்தில் தப்பு என்கிறோம். இன்றைக்கு அதற்கு வந்திருக்கும் பெயர் அன்று இல்லை; மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது 2025-இல்தான். அன்று நாங்கள் இரண்டு தப்புகளைக் கடனுக்கு வாங்கி வந்தபொழுது எங்கள் தாய்மார்கள் அழுதார்கள். சித்தப்பா அழவில்லை. "நெருப்புல போட்டத திரும்பக் கையால எடுக்கிறீங்களே, நீங்கல்லாம் படிச்ச புள்ளைங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதன்பின் எங்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பா இரண்டாண்டுகள் எதுவும் சொல்லாமல் திண்ணையில் அமர்ந்து எங்கள் பயிற்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு மாலை எழுந்து வந்து, ஒருவன் கையிலிருந்ததைப் பிடுங்கி, "தப்பப் பிடிக்கிற பிடியே தப்பு" என்று சொல்லித் தோளில் மாட்டிக்கொண்டார். அன்றுமுதல் அவர் எங்களுக்கு ஆசான். தம்பி அவரோடும் பேசுவதை நிறுத்தினார். அடுத்தடுத்த வீடுகள், நடுவில் ஒரு முருங்கை மரம்.

பங்குத் திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் அடிக்க எங்களுக்கு இடம் கிடைத்தது 2009-இல். சப்பரம் ஆலயத்துக்குள் நுழையும்பொழுது நாங்கள் வாசற்படியில் நின்றுவிடுவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்களின் மரபிசைக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. எங்கள் பங்கில் அது வாசற்படிவரை வந்திருந்தது.

தீவுப் பயணம் உறுதியானபின் ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் தீபாவளிக்குத் தப்படிக்கப் போகிறார்களா என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் நாட்டில் சாவு விழுந்துவிட்டதா என்றார் இன்னொருவர். பின்னவர் எங்கள் பங்குப் பேரவையில் உறுப்பினர்.

சென்னையில் விமானம் ஏறி, மொரீசியசில் வேறு விமானத்துக்கு மாறினோம். அங்கிருந்து முக்கால் மணி நேரப் பறப்பு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, கடலிலிருந்து நேராக எழுந்து மேகத்துக்குள் செல்லும் மலைகள். கடல் நம்முடையது, மண் பிரான்சு நாட்டுடையது. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டமாகவே இருக்கிறது. யூரோதான் அங்குச் செலாவணி.

விமான நிலையச் சுங்கத்தில் எங்களுக்கு அச்சம் இருந்தது. விலங்குத் தோலை எல்லா நாடுகளிலும் எளிதில் உள்ளே விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அழைப்புக் கடிதம், வாத்தியங்களின் நிழற்படம், அளவு, தோல் இன்னது என்ற குறிப்பு அனைத்தையும் ஆசிரியர் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். உறையைப் பிரித்த அதிகாரி, நிறத்தில் எங்கள் அத்தை மகன் போலிருந்தார். தப்பைத் திருப்பிப் பார்த்தார். நடுவிரலால் ஒருமுறை சுண்டினார். "தாம்பூர் மல்பார்!" என்று சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு வழி விட்டார். கோப்பு பிரிக்கப்படவே இல்லை.

தாம்பூர் என்றால் முரசு. மல்பார் என்பது அத்தீவில் தமிழ் வம்சாவழியினருக்கு வழங்கும் பெயர். மலபார் என்பதன் திரிபு அது. மலையாள நாட்டுக்கும் அவர்களுக்கும் பெரிய தொடர்பில்லை. எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த புதுச்சேரி ஐயா இதை விளக்கினார். அந்த முரசுக்கு இன்னொரு பெயரும் உண்டென்றார்: தப்பூ.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தமிழில் ஒரு முழு வாக்கியம் பேச அறியாத மக்களின் நாவில் அச்சொல் தங்கியிருந்தது. அவர்களுக்கு அது வாத்தியம் மட்டுமே. பிழை, குற்றம் என்ற பொருளும் அதற்கு உண்டென்று அவர்கள் அறியார்கள்.

அம்மக்கள் அங்கு வந்த கதை சுருக்கமானது, இனியதன்று. 1848 டிசம்பர் 20 அன்று அத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860, 1861-ஆம் ஆண்டுகளில் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்டு, இந்தியாவிலிருந்து கூலியாட்களைக் கப்பலேற்ற வழி செய்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பல்லாயிரவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்றார்கள். எங்கள் ஊரிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிய முறையீடுகள் பெருகவே, 1882-இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. திரும்பியோர் சிலர், தங்கியோர் பலர்.

வந்திறங்கியோரை நோய்ப் பரிசோதனைக்காக அடைத்து வைத்த இடம் கிராந்த் ஷலூப் என்னுமிடத்தில் இன்றும் உள்ளது. இரண்டாம் நாள் காலை எங்களை அங்கு அழைத்துச் சென்றார்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு; கருங்கல் சுவர்கள்; நீண்ட கூடங்கள். லாசரெத் என்று அதற்குப் பெயர். நற்செய்தியில் வாசலில் புண்களோடு கிடந்த இலாசரின் பெயர் அச்சொல்லில் கலந்திருக்கிறது என்று ஐயா சொன்னார். எங்களுள் எவரும் அதிகம் பேசவில்லை. பெரியப்பா மட்டும் தரையைத் தடவிப் பார்த்து, "இங்க நெருப்பு மூட்டிக்க விட்டிருப்பானா?" என்று கேட்டார். எங்களுக்கு அது அப்பொழுது வேடிக்கையாக இருந்தது.

அன்று மாலைதான் நிகழ்ச்சி. சேன்த் ஆந்த்ரே நகரில், குளிரூட்டப்பட்ட பெரிய அரங்கம். திரைக்குப் பின்னால் பித்தளைத் தட்டொன்றில் கரி அடுக்கிக்கொண்டிருந்த எங்களைக் கண்டு பாதுகாப்பு ஊழியர் ஓடி வந்தார். கூரையில் புகையைக் கண்டால் அலறும் கருவி இருக்கிறதாம். வெளி முற்றத்திலும் அனுமதியில்லை. அவர் பணிவோடுதான் சொன்னார், சட்டம் அப்படி. பின்னர் ஒரு பெண்மணி ஒப்பனை அறையிலிருந்து தலைமயிர் உலர்த்தும் கருவிகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏழு தப்புகளுக்கு இரண்டு கருவிகள். வெப்பக் காற்றை ஊதி ஊதி ஒன்றை இறுக்குவதற்குள் மற்றொன்று தளர்ந்தது. கடற்காற்றின் ஈரமும் அரங்கின் குளிரும் சேர்ந்து தோலை நனைத்த துணியாக்கியிருந்தன. நாங்கள் 25 நிமிடம் அடித்தோம். ஆட்டத்தில் குறையில்லை, அடவுகள் பிசகவில்லை, மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் ஒலி வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நான்கைந்து பேருக்கும் தெரிந்தது என்பதை அவர்கள் முகத்திலிருந்து அறிந்தோம்.

அவர்கள் அவ்வூர்த் தப்பு வாசிப்பவர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்தார்கள். அவர்களின் தலைவர் பேருந்து ஓட்டுநர், 50 வயதிருக்கும். கழுத்தில் அன்னையின் பதக்கம். அத்தீவின் மல்பார் மக்களுள் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆலயத்துக்கும் போவார்கள், கோவிலுக்கும் போவார்கள். பெயரில் ஒரு பாதி புனிதர் நாட்காட்டியிலிருந்து வரும். மறுபாதி ராமசாமி, முத்துசாமி என்று முடியும். இறையியல் அறிந்தோர் இதற்கு என்ன சொல்வார்களோ, நாங்கள் அறியோம். எங்கள் தப்பை அவர் மார்போடு அணைத்துப் பிடித்துப் பார்த்தார். அவர்களுடையது ஆட்டுத்தோல் என்றார். பிறகு இயல்பாக, உரையாடலைத் தொடரும் பொருட்டு, ஒன்று கேட்டார். ஐயா மொழிபெயர்த்தார்:

"உங்கள் ஊரில் இதை வாசிப்பவர்கள் யார்?"

கேட்ட தோரணையில் எந்த உள்நோக்கமும் இல்லை. அவர்கள் குழுவில் ஓர் ஓட்டுநர், ஒரு தச்சர், ஒரு பள்ளி ஆசிரியை, நகராட்சி எழுத்தர் ஒருவர். எங்கள் ஊரிலும் அப்படித்தானே இருக்கும் என்ற எண்ணம். நாங்கள் பெரியப்பாவைப் பார்த்தோம். பெரியப்பா ஒரு விநாடி தாமதித்தார்.

"தெரிஞ்சவங்க வாசிப்பாங்க" என்றார்.

ஐயா அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். ஓட்டுநர் தலையசைத்தார். உரையாடல் வேறு திசைக்குப் போயிற்று.

அன்றிரவு விடுதியில் எங்களுக்குள் சண்டை வந்தது. சண்டை என்றே சொல்ல வேண்டும். கடைக்குட்டிதான் தொடங்கினான். பெரியப்பா பொய் சொல்லிவிட்டார் என்றான். உலகத்தின் மறுகோடிக்கு வந்து உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தும் விழுங்கிவிட்டோம் என்றான். கொத்தனார் இருவரும் அவனை அடக்கினார்கள். விருந்துக்குப் போன வீட்டில் புண்ணைப் பிரித்துக் காட்டுவார்களா என்பது அவர்கள் வாதம். அப்பொழுது ஆசிரியர் ஒரு செய்தியைச் சொன்னார். ஒதுக்கப்பட்டவன், எவரும் சேர்க்காதவன் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் 'பரியா' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே சொல் சிறிது மாறி இருக்கிறது. இரண்டும் எங்கள் சாதிப் பெயரிலிருந்து போனவை. அந்தப் பெயரோ இந்த வாத்தியத்திலிருந்து வந்தது. ஆகவே நாம் சொல்லாவிட்டாலும் அவர்கள் அகராதியில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம் என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இவ்வளவு தூரம் நாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே அந்தச் சொல் வந்து சேர்ந்திருந்தது.

உறங்கிவிட்டார் என்று நாங்கள் எண்ணியிருந்த பெரியப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார். "அறுவது வருஷமா அந்தக் கேள்விக்கு ஒரே பதிலத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன். ஒரு நாளைக்காவது வேற பதிலச் சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு. சொல்லிப் பாத்தேன்." பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

கடைக்குட்டி விளக்கை அணைத்தான்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலியில் எங்களைப் போன்ற முகங்களின் நடுவே அமர்ந்திருந்தோம். மொழி புரியவில்லை, எனினும் எப்பொழுது எழ வேண்டும், எப்பொழுது முழங்காலிட வேண்டும் என்பதில் எங்களுக்குத் தடுமாற்றம் இல்லை. சமாதானம் பகிரும் நேரத்தில் ஒரு மூதாட்டி பெரியப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

நண்பகலில் ஓட்டுநர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வாழையிலையில் சோறு, மசாலாக் கறி, முருங்கைக்கீரை. கீரைக்கு அவர்கள் மொழியில் 'மூரூங்' என்றே பெயர். உண்டபின் வீட்டுக்குப் பின்னால் போனோம். கரும்பு வெட்டும் பருவம். எல்லைவரை சோகை குவிந்து கிடந்தது. அவருடைய மகன் ஒரு கை சோகையை அள்ளிப் போட்டுத் தீ மூட்டினான். அவர்கள் தம் தப்புகளை எடுத்து வந்து அந்த அனலைச் சுற்றி நின்று காட்டத் தொடங்கினார்கள்; காட்டி, விலக்கி, சுண்டி, மீண்டும் காட்டி. கை வளையும் விதம்கூட மாறவில்லை. 150 ஆண்டுகளில் மொழி போயிருந்தது. தாத்தாவின் ஊர்ப் பெயர் போயிருந்தது. வைக்கோல் கரும்புச் சோகையாக மாறியிருந்தது. கை மட்டும் மறக்கவில்லை. நாங்களும் எங்களுடையவற்றை எடுத்துக்கொண்டு அவர்களுக்கிடையே நின்றோம். தீவுக்கு வந்த மூன்றாம் நாள் எங்கள் தப்புகள் பேசின.

முதலில் அவர்கள் வாசித்தார்கள். தீமிதித் திருவிழாவில் அடிப்பது என்று ஓட்டுநர் ஒன்றை வாசித்துக் காட்டினார். பாஞ்சாலியை அங்கே 'பாண்டியாலே' என்கிறார்கள். பூங்குழிக்கு முன் இந்த அடிதானாம். கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவின் முகம் மாறியது. அவர் தம் குச்சிகளை எடுத்து, இடையில் புகுந்து, அதே அடியை அவரோடு சேர்ந்து வாசித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நெடுநேரம் அடித்தார்கள். முழுக்க அதே அடிதானா என்று எங்களால் சத்தியம் செய்ய இயலாது. பெரியப்பாவுக்கு ஐயமில்லை. நிறுத்தியபின் ஐயாவை அருகில் அழைத்தார்.

"சார், இவர்கிட்ட சொல்லுங்க. இது எங்க ஊர்ல பொணம் தூக்குற அடி. நேத்து கேட்டாரே, யார் வாசிப்பாங்கன்னு. எங்கள மாதிரி ஆளுங்கள வாசிக்க வப்பாங்க. நான் ஒருக்கா இத நெருப்புல போட்டவன். அதையும் சொல்லுங்க."

ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார். 'பரியா' என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது. அவர்கள் முகத்தில் வியப்பு இருந்தது. அருவருப்போ இரக்கமோ இல்லை. ஆசிரியை மட்டும் அச்சொல்லைத் திரும்பக் கேட்டுத் தம் தப்பை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

ஓட்டுநர் சிறிது நேரம் தணலைக் கிளறினார். பிறகு தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். ஞானஸ்நானம் பெற்றவன் இந்த முரசைத் தொடலாகாது, தொட்டால் நற்கருணை கிடையாது என்று அக்காலத்துப் பங்குக் குரு கண்டித்துவிட்டாராம். பாட்டனார் ஞாயிறு காலையில் நற்கருணை வாங்குவார். இரவில் கரும்புக் காட்டுக்குள் போவார். தீ மூட்டினால் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும் என்று குழி தோண்டி, அதனுள் தணலை வைத்துத் தோலைக் காய்ச்சுவாராம். அந்தத் தப்பின் சட்டம் இன்னும் தம் வீட்டில் இருப்பதாகச் சொல்லி எடுத்துவரச் செய்தார். தோல் பலமுறை மாறியிருந்தது. மரத்தின் உட்புறம் கன்னங்கரேலென்று புகையேறியிருந்தது.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு அக்கதையைக் கேட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெரியப்பா அந்தச் சட்டத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்.

"குழி எவ்வளவு ஆழமாம்?"

ஒரு முழம் என்று ஓட்டுநர் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

அன்று மாலை வீதி ஊர்வலத்தில் இரு குழுவினரும் கலந்தே அடித்தோம். அதைப் பற்றி எழுத அதிகமில்லை, நன்றாக இருந்தது. மறுநாள் விமான நிலையம் செல்லும் வழியில், மழையாறு என்று பொருள்படும் சிற்றூரில் உள்ள கறுப்பு மாதாவின் கெபியில் இறங்கினோம். மல்பார் பெண்கள் பூக்களும் மெழுகுதிரிகளும் வைத்துக்கொண்டிருந்தார்கள். நேரமில்லை, ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

ஊர் திரும்பியதும் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் படம் போட்ட தட்டி கட்டியிருந்தார்கள். அடுத்த வாரமே மேலத்தெருவில் ஒரு பெரியவர் காலமானார். வெளிநாட்டுக் குழுவே வந்தால் நன்றாயிருக்கும், கேட்ட தொகை தருகிறோம் என்று ஆள் வந்தது. நாங்கள் போகவில்லை. போகாததில் சித்தப்பாவுக்கு மனநிறைவு என்று கேள்விப்பட்டோம். அவர் எங்களிடம் சொல்லவில்லை.

2015-ஆம் ஆண்டுப் பெரிய சனியன்று, பாஸ்கா திருவிழிப்பில் வானவர் கீதம் பாடும்பொழுது மணியோடு தப்பும் முழங்கட்டும் என்று பங்குத்தந்தை சொன்னார். ஆலயத்துக்குள்ளா என்று கேட்டோம். உள்ளேதான் என்றார். சிலர் முணுமுணுத்தார்கள், அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் கவலை வேறு. அன்றிரவு ஆலய முற்றத்தில் புதுத் தீ மந்திரிக்கப்பட்டு, பாஸ்காத் திரி ஏற்றப்பட்டு, மக்கள் உள்ளே போனபின் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் உண்டு. வானவர் கீதத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அதுவரை தோல் நிற்காது. ஆகவே அந்தத் தீயின் தணலையே காத்துவைத்து வெளியில் காய்ச்சிக்கொண்டிருந்து, நேரம் வந்ததும் உள்ளே செல்வதென்று முடிவாயிற்று. மந்திரித்த நெருப்பில் தோலைக் காட்டலாமா என்று உபதேசியார் தயங்கினார். பங்குத்தந்தை, "நெருப்புத்தானே, காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பு அணியப் போனார்.

அன்று கடற்காற்று பலமாக வீசியது. பெரியப்பா முற்றத்தின் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டித் தணலை அதில் தள்ளினார். அதைச் சுற்றி அமர்ந்தோம். விளக்கெல்லாம் அணைக்கப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியில் படைப்பின் வாசகம் முடிந்து, ஆபிரகாமின் வாசகம் முடிந்து, செங்கடலைக் கடக்கும் வாசகம் தொடங்கியது. கடைக்குட்டி அதைக் கேட்டபடியே தப்பைக் குழிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். வாசகத்தில் லயித்துப்போனான் போலும், கை தாழ்ந்தது.

"தூக்கிப் பிடிடா. கருகிடப் போவுது."

பின்னால் இருளிலிருந்து வந்தது குரல். எப்பொழுது அங்கு வந்து நின்றார் என்று எங்களுள் எவருக்கும் தெரியாது. பெரியப்பா தலையைத் திருப்பாமல் சற்று நகர்ந்து இடம் விட்டார். சித்தப்பா வேட்டியை மடித்துக்கொண்டு குழியருகே குத்துக்காலிட்டு அமர்ந்து, கையை நீட்டினார். கடைக்குட்டி தப்பைக் கொடுத்தான். அவர் அதை ஒருமுறை அனலில் காட்டி, விலக்கி, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.